நுனிக்குக் கடை, வேருக்கு வீடு



தலைமுடியைப் பேணுவதற்குச் சலூனையும் அழகு நிலையத்தையும் நாடுவதா, வீட்டிலேயே பார்த்துக்கொள்வதா என்னும் கேள்வியை இன்றைய பேச்சுக்குப் பொருளாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். பேசுவதற்கு எத்தனையோ பெரிய பொருள்கள் இருக்க, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் முடியைப் பற்றிப் பேச வந்துவிட்டாரே என்று உங்களில் சிலர் நகைக்கக்கூடும். நகைப்பதில் தவறில்லை. ஆயினும் திண்டுக்கல் பேருந்து நிலையத்தைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். எத்தனை சலூன்கள், எத்தனை அழகு நிலையங்கள், கடை வாசல்களில் சரம் சரமாகத் தொங்கும் எத்தனை ஷாம்புப் பொட்டலங்கள்! இவை அனைத்தும் உங்கள் தலையை நம்பி நடைபெறுகின்றன. உங்கள் பெற்றோரின் பணமும், உங்கள் உடல்நலமும், வேறொரு மனிதரின் மானமும் இதில் அடங்கியிருக்கின்றன. அப்படியானால் இது சிறிய பொருள் அன்று.

முதலில் முடி என்பது என்ன என்று அறிந்துகொள்வோம். நம் தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடிகள் உள்ளன. ஒவ்வொன்றும் தோலுக்குள் புதைந்த சிறு பையொன்றில் பிறந்து, மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. தோலுக்கு வெளியே நாம் காணும் பகுதி கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. நம் நகமும் மாட்டின் கொம்பும்கூடப் பெரும்பாலும் அப்பொருளே. அதில் இரத்த ஓட்டம் இல்லை, உணர்ச்சி இல்லை, உயிரும் இல்லை. கத்தரி பட்டால் வலிக்காததன் காரணம் இதுதான். உயிர் இருப்பது வேரில் மட்டுமே. அந்த வேருக்கு உணவு கொண்டுபோய்ச் சேர்ப்பது நம் இரத்தம். இரத்தத்துக்கு உணவு தருவது நம் வீட்டு அடுப்படி.

இந்த ஓர் உண்மையைப் பிடித்துக்கொண்டால் நம் கேள்விக்கு விடை பாதி கிடைத்துவிடும். நுனி உயிரற்றது, அதை வெட்டலாம், சீர்படுத்தலாம், அழகுபடுத்தலாம். அதற்குக் கைத்திறன் வேண்டும். வேர் உயிருள்ளது, அதற்கு வேண்டியவை தூய்மையும் உணவும் உறக்கமும். அவற்றை எந்தக் கடையும் விற்க முடியாது. பழனியில் முடி இறக்கிய குழந்தைக்கு அடுத்த முறை முடி அடர்த்தியாக முளைக்கும் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். முடிக்காணிக்கை பக்தியின்பாற்பட்டது, அதைப் பற்றி நான் பேசவில்லை. ஆனால் மழித்தல் வேரைத் தொடுவதில்லை. கூராக இருந்த நுனி வெட்டுப்பட்டு மழுங்குவதால் கைக்குச் சற்று முரடாகத் தோன்றுகிறது, அவ்வளவே.

இனி வீட்டில் செய்யத்தக்கவற்றைப் பார்ப்போம். அவற்றுள் முதலாவது தலை கழுவுதல். நம் சமவெளியில் ஆழ்குழாய்க் கிணற்று நீர் பல இடங்களில் உப்பு நீர்; வேதியியல் ஆசிரியர் அதனைக் கடின நீர் என்பார். அந்நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்புடன் கூடி, நீரில் கரையாத கசடாகி விடுகின்றன. வகுப்பறையில் சோதனைக் குழாயில் நீங்கள் கண்ட அந்த வெண்ணிறக் கசடுதான் உங்கள் தலையிலும் படிந்து, முடியைச் சிக்குப் பிடிக்கச் செய்கிறது. ஆகவே குளியல் சோப்பைத் தலைக்குத் தேய்ப்பது நம் ஊருக்குப் பொருந்தாத வழக்கம்.

நம் முன்னோர் வேதியியல் பாடம் படித்தவர்கள் அல்லர். ஆயினும் இதற்கு விடை கண்டிருந்தார்கள். சீயக்காயில் சாப்போனின் என்னும் நுரைக்கும் பொருள் உண்டு. அது சோப்பைப்போல் உப்பு நீரில் கசடாக மாறுவதில்லை. சீயக்காய் கிடைக்காத கரிசல், செம்மண் காடுகளில் உசிலை மர இலையை உலர்த்தி இடித்து அரப்புத் தூளாக்கிப் பயன்படுத்தினார்கள். உசிலம்பட்டி என்னும் ஊர்ப்பெயரில் அம்மரத்தின் பெயர் இன்றும் ஒலிப்பதைக் கேட்கலாம். உப்பு நீரிலேயே குளிக்க நேர்ந்தாலும், முடிவில் இரண்டு செம்பு நல்ல தண்ணீரை ஊற்றி அலசிக்கொள்ளுங்கள். அது போதும்.

அப்படியானால் ஷாம்பு தீயதா என்று கேட்பீர்கள். தீயதன்று. அதிலுள்ள செயற்கைத் தூய்மிகளும் கடின நீரில் சோப்பைப்போல் கசடாவதில்லை. சொல்லப்போனால், அச்சொல்லே நம் நாட்டிலிருந்து சென்றதுதான். தலையைப் பிடித்துவிடுதல், அழுத்துதல் என்னும் பொருளுடைய இந்திச் சொல்லிலிருந்து அது பிறந்தது. பாட்னாவில் 1759-ஆம் ஆண்டு பிறந்த தீன் முகம்மது என்பவர் இங்கிலாந்து சென்று, பிரைட்டன் என்னும் கடற்கரை ஊரில் நீராவிக் குளியலும் உடல் பிடித்துவிடுதலும் கொண்ட நிலையம் ஒன்றை நடத்தி, அந்நாட்டு மன்னர்களுக்கே அக்கலையைச் செய்தார். கையின் தொழிலைக் குறித்த சொல், பிற்காலத்தில் புட்டிக்குள் அடைத்த நீர்மத்தின் பெயராயிற்று.

அந்தப் புட்டியை ஏழை வீட்டுக்குக் கொண்டுவந்த பெருமை தமிழ்நாட்டுக்கு உண்டு. கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன், பெரும் புட்டிகளில் செல்வர் மட்டும் வாங்கிய பொருள்களைச் சிறு பொட்டலங்களில் அடைத்தால் உழைப்பாளியும் வாங்க இயலும் என்று கருதி, அவ்வழியைத் தொடங்கி வைத்தார். அவர் மகன் சி. கே. ரங்கநாதன் 1983-இல் சிக் ஷாம்புவைத் தொடங்கினார். நல்ல எண்ணத்தில் பிறந்த அப்பொட்டலங்கள் இன்று வாய்க்காலிலும் குளக்கரையிலும் மக்காமல் கிடக்கின்றன என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். வீட்டில் நான்கு பேர் இருந்தால் பொட்டலத்துக்கு மாறாகப் பெரிய புட்டி ஒன்றை வாங்குவது குப்பையைக் குறைக்கும். விலையுயர்ந்த ஷாம்பு வேரை வளர்க்கும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். அது அழுக்கை நீக்கும். அதன் வேலை அதோடு முடிந்தது.

அடுத்தது எண்ணெய். தேங்காய் எண்ணெய் முடியினுள் ஊடுருவிச் சென்று, கழுவும்போது புரதம் வெளியேறுவதைக் குறைக்கிறது என்று 2003-இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. எனவே குளிப்பதற்கு முன் எண்ணெய் தடவும் நம் வழக்கம் பொருளற்றதன்று. ஆயினும் எண்ணெய் புதிய முடியை முளைக்கச் செய்யாது. பொடுகு உள்ளவர்கள் எண்ணெயை நாள்கணக்கில் தலையில் ஊறவைத்தலும் ஆகாது. பொடுகுக்குக் காரணமான நுண்காளான் தலையின் எண்ணெய்ப் பசையை உண்டே வாழ்கிறது. பேன் தொல்லைக்கு ஈர முடியில் பேன் சீப்பைக் கொண்டு பொறுமையாக வாருவதும், ஒருவர் சீப்பை மற்றவர் எடுக்காமலிருப்பதும் வீட்டிலேயே செய்யத்தக்க காரியங்கள். விடுதியில் தங்கிப் பயிலும் மாணவியர் இதைக் கருத்தில் கொள்க.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நாளொன்றுக்கு ஐம்பது முதல் நூறு முடிகள் உதிர்வது இயல்பு. அதற்கு மேல் கொத்துக் கொத்தாக உதிர்ந்தால் வேருக்கு ஏதோ குறை என்று பொருள். கடும் காய்ச்சல் வந்து இரண்டு மூன்று மாதங்களுக்குப் பின் முடி உதிர்வதுண்டு. அது பெரும்பாலும் தானே சரியாகிவிடும். தைராய்டுக் கோளாறு இருக்கலாம். இரும்புச் சத்துக் குறைவும் இருக்கலாம். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். நூறு பெண்களில் ஐம்பத்தேழு பேர்! இவர்களுள் எத்தனை பேர் முடி உதிர்கிறதே என்று கண்ணாடி முன் நின்று கலங்கியிருப்பார்கள்!

என்னிடம் மேல்நிலை முதலாண்டு பயின்ற மாணவி ஒருத்தி, வேடசந்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து நாள்தோறும் பேருந்தில் வருபவள். பின்னல் மெலிந்துகொண்டே போயிற்று. தாயார் நூறு நாள் வேலையில் சேர்த்த பணத்தை எடுத்துக்கொண்டு நகரத்து அழகு நிலையம் ஒன்றுக்கு மகளை அழைத்துச் சென்றார். அங்கே தலைக்கு ஏதேதோ பூசி, எண்ணெய்ப் புட்டிகள் இரண்டைக் கொடுத்தனுப்பினார்கள். மூன்று மாதம் கழிந்தது. முடி உதிர்வது நிற்கவில்லை. ஒருநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அப்பெண் மயங்கி விழுந்தாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். 12 கிராமுக்குக் குறையாமல் இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் 8-க்கும் கீழே இருந்தது. மருத்துவர் எழுதிக் கொடுத்தவை இரும்புச் சத்து மாத்திரையும் குடற்புழு மாத்திரையும். செலவு ஒரு காசு இல்லை. பள்ளியில் வாரந்தோறும் கொடுத்த மாத்திரைகளை அவள் விழுங்காமல் பையில் சேர்த்து வைத்திருந்தாள் என்பதும் அப்போதுதான் தெரிய வந்தது. கூந்தல் எவ்வளவு வளர்ந்தது என்று நான் அளந்து பார்க்கவில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது நின்றுவிட்டது என்று சில மாதங்களுக்குப் பின் அவளே வந்து சொன்னாள்.

மாணவியரே, அந்த வாரத்து மாத்திரையைத் தூக்கி எறியாதீர்கள். நம் மாவட்டத்துத் தோட்டங்களில் முருங்கை வேலியோரம்கூட வளர்கிறது. முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு, முட்டை, இவற்றோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்து உண்ணுங்கள். புளிப்பிலுள்ள வைட்டமின் சி இரும்புச் சத்து உடலில் சேர உதவும். உணவு உண்டவுடன் தேநீர் அருந்தினால் அச்சத்து சேராமல் தடைப்படும். வேருக்கு எரு இடும் வேலை இதுவே. எருவை வேருக்கு இடாமல் இலையில் பூசும் உழவன் உண்டா?

அப்படியானால் சலூனே வேண்டாமா? அவ்வாறு நான் சொல்லவில்லை. தன் தலையின் பின்புறத்தைத் தானே வெட்டிக்கொள்ள வல்லவர் யார்? 2020-ஆம் ஆண்டு கொரோனா ஊரடங்கில் சலூன்கள் சுமார் இரண்டு மாதம் மூடிக் கிடந்தன. தந்தையர் கத்தரி எடுத்தனர். அண்ணன்மார் எந்திரம் எடுத்தனர். அதன் விளைவைப் பலர் தொப்பிக்குள் மறைத்துக்கொண்டு திரிந்ததை நாம் கண்டோம். திண்டுக்கல் பூட்டை நினைத்துப் பாருங்கள். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற அப்பூட்டை வீட்டுத் திண்ணையில் அமர்ந்து நாமே செய்துவிட இயலுமா? அதற்கென்று பழகிய கை வேண்டும். முடி திருத்துதலும் அத்தகைய தொழிலே.

அத்தொழிலின் வரலாற்றை நீங்கள் அறிய வேண்டும். நம் கிராமங்களில் முடி திருத்துபவரைக் குடிமகன் என்று அழைத்தார்கள். மருத்துவர் என்றும் அச்சமூகத்தாருக்குப் பெயர். கத்தி பிடித்த கையே கட்டியைக் கீறியது. அவ்வீட்டுப் பெண்மணியே ஊரில் பிள்ளைப்பேறு பார்த்தார். ஐரோப்பாவிலும் இதே நிலைதான். இலண்டனில் முடி திருத்துவோரும் அறுவை மருத்துவரும் 1540 முதல் 1745 வரை ஒரே சங்கத்தில் இருந்தார்கள். அங்கே அறுவை மருத்துவர் பெருமதிப்புக்கு உரியவரானார். இங்கேயோ, ஊருக்கெல்லாம் பணி செய்தவர் கொல்லைப்புறமாக வந்து, வயதில் இளையவராலும் ஒருமையில் அழைக்கப்பட்டு, அறுவடைக் களத்தில் கொடுத்த தானியத்தைப் பெற்றுச் சென்றார்.

நகரத்துச் சலூன் அந்நிலையை ஓரளவு மாற்றியது. வீடு வீடாக அவர் செல்லவேண்டியதில்லை. நாம் அவரிடம் செல்கிறோம். வெட்டுக்கு இவ்வளவு என்று கூலி நிர்ணயமாயிற்று. நாளிதழ்களும் வந்து சேர்ந்தன. 1950-களிலும் 1960-களிலும் தமிழ்நாட்டின் அரசியல் விவாதங்கள் பல சலூன் பெஞ்சுகளில் நடந்தன. தூத்துக்குடியில் பொன் மாரியப்பன் என்பவர் தம் சலூனிலேயே நூலகம் அமைத்து, காத்திருக்கும் நேரத்தில் நூல் படிப்போருக்குக் கட்டணத்தில் சலுகையும் அளித்தார். 2020 அக்டோபரில் பிரதமர் வானொலி வாயிலாகவே அவரோடு தமிழில் சில சொற்கள் பேசியதை நேயர்கள் கேட்டிருப்பீர்கள்.

ஆனால் இன்னும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. சலூன் நாற்காலி எல்லோருக்கும் எளிதில் கிடைத்துவிடவில்லை. தாழ்த்தப்பட்ட மக்களுக்கு முடி வெட்ட மறுத்த ஊர்கள் பல. இதனால்தான் 1955-ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம், கடை என்னும் சொல்லுக்கு விளக்கம் தரும்போது, முடி திருத்தும் சலூனையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. 1976-இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் பெற்றது. ஒரு சாதாரணச் சலூன் நாற்காலி நாடாளுமன்றத்தின் சட்டத்துக்குள் இடம்பெற வேண்டியிருந்தது என்றால், அதற்குப் பின்னே எத்தனை அவமானம் இருந்திருக்க வேண்டும்! அண்மை ஆண்டுகளிலும் சில ஊர்களிலிருந்து இத்தகைய செய்திகள் வரவே செய்கின்றன. பல இடங்களில் கடைக்காரர் ஊராரின் மிரட்டலுக்கு அஞ்சியே மறுக்கிறார் என்பதையும் நினைவில் வையுங்கள். மாணவர்களே, உங்கள் வகுப்புத் தோழன் உட்காரக் கூடாத நாற்காலியில் நீங்களும் உட்காராதீர்கள். இந்த ஒரு காரியத்தைச் செய்தால் நீங்கள் குடிமையியல் பாடத்தில் தேறியவர்கள் ஆவீர்கள்.

சலூனுக்குச் சென்றால் மூன்றைக் கவனியுங்கள். சவரத்துக்குப் புதிய பிளேடு மாற்றச் சொல்லுங்கள். மஞ்சள்காமாலைக்குக் காரணமாகும் பி வகைக் கல்லீரல் அழற்சி வைரஸ், உடலுக்கு வெளியே உலர்ந்த இரத்தத் துளியிலும் ஏழு நாள்வரை உயிர்த்திருக்க வல்லது. சீப்பும் துணியும் தூய்மையாக உள்ளனவா என்று பாருங்கள். படை ஒருவர் தலையிலிருந்து மற்றவர் தலைக்கு இவ்வழியே தாவும். மூன்றாவதாக, உங்களுக்கு முடி திருத்துபவர் உங்கள் தந்தை வயதினராயின் அவரை ‘ஐயா’ என்றோ ‘அண்ணா’ என்றோ அழையுங்கள். மரியாதைக்குக் கட்டணம் இல்லை.

நுனியோடு நிற்காமல் வேரையும் தொடும் சில வேலைகளை அழகு நிலையங்களில் செய்கிறார்கள். சுருள் முடியை நேராக்கச் சில ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு மருந்து பூசிச் சூடேற்றுகிறார்கள். அம்மருந்துகள் சிலவற்றில் சூடேறும்போது ஃபார்மால்டிஹைடு ஆவி வெளிப்படும். அது புற்றுநோய் விளைவிக்கும் பொருள் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-இல் வகைப்படுத்தியது. அந்த ஆவியை நாளெல்லாம் சுவாசிப்பவர் அங்கே வேலை செய்யும் இளம்பெண் என்பதையும் எண்ணிப் பாருங்கள். தலைச்சாயங்கள் பலவற்றில் உள்ள கருநிறப் பொருள் சிலர் தோலில் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும். காதின் பின்புறம் சிறிது தடவி இரண்டு நாள் பார்க்காமல் தலை முழுதும் பூசலாகாது. படித்து முடித்து, நீங்களே சம்பாதித்து, மருந்துப் புட்டியின் மேல் உள்ளதைப் படித்தறிந்து பின் முடிவு செய்யுங்கள். சுருள் முடி நோய் அன்று. அதற்கு மருந்து வேண்டியதும் இல்லை.

முடி வெட்டும் பாணியைப் பற்றித் தலைமையாசிரியர் ஒருவர் பேசாமல் போனால் நீங்களே வியப்படைவீர்கள். பல ஊர்களில் பள்ளித் தலைமையாசிரியர்கள் சலூன்களுக்குக் கடிதம் எழுதி, மாணவருக்கு விதவிதமாக வெட்ட வேண்டா என்று கேட்டுக்கொண்டதுண்டு. கண்ணை மறைக்காத, எளிதில் கழுவிச் சீவத்தக்க முடி மாணவர்க்கு ஏற்றது என்பது என் கருத்து. ஆனால் வகுப்பின் நடுவே மாணவன் தலையில் கத்தரி வைக்க எந்த ஆசிரியருக்கும் உரிமை இல்லை. தலைக்குள்ளே என்ன இருக்கிறது என்பதில் ஆசிரியர் கருத்துச் செலுத்துவாராக.

ஆகவே, நம் கேள்விக்கு விடை இதுவே. வெட்டுவதும் திருத்துவதும் பழகிய கையின் வேலை. அதற்குச் சலூனுக்குச் செல்லுங்கள். கூலியை மனமுவந்து கொடுங்கள். கழுவுவதும் எண்ணெயிடுவதும் சிக்கெடுப்பதும் உங்கள் கையின் வேலை. அதை வீட்டில் செய்யுங்கள். முடி அளவுக்கு மீறி உதிர்ந்தாலோ, தலையில் வட்ட வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ, இரண்டு இடங்களையும் விட்டு அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நாள்தோறும் மூன்று வேளை உணவையும் இரவில் போதிய உறக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். வேர் நலமாக இருந்தால் நுனியைப் பற்றிய கவலை மிகச் சிறியது. பின்னலைச் சீவி முடிக்கும்போது இந்த ஒன்றை மட்டும் நினைத்துக்கொண்டு பள்ளிக்குப் புறப்படுங்கள்.